கலியாணச் சாறியை என்ன செய்வது? கொழும்புப் புதுப்பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

என் கலியாணம் ஒரு ஆவணி மாதத்தில் வெள்ளவத்தையில் நடந்தது. மண்டபத்திலிருந்து வந்த இரவு கூறைச் சாறியை மடித்து, கடையில் தந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, இரண்டு பூச்சி உருண்டைகளையும் உள்ளே வைத்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். நாலாம் சடங்கு, விருந்துகள், திரும்ப வேலை என்று நாட்கள் ஓடிவிட்டன. அடுத்த மாசியில் ஒன்றுவிட்ட தங்கச்சியின் கலியாணத்துக்கு உடுக்கலாம் என்று எடுத்துப் பிரித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு. கரையில் ஒரு சாண் நீளத்துக்குச் சரிகை கறுத்திருந்தது. பூச்சி உருண்டை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளிறல். நான் அன்று அழுதேன். அந்தச் சாறியைத் தெரிவு செய்ய மாமியும் அம்மாவும் ஒரு முழு நாள் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு லோண்ட்ரி, ரெய்லர், வாங்க வந்தவர்கள் என்று பல மாதம் அலைந்தேன். கூறைச் சாறி, வரவேற்புக்குப் போட்ட லெஹங்கா, மச்சாளின் வெள்ளைக் கவுன் என்று மூன்றிலும் பட்ட அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வைத்திருப்பதா, விற்பதா, தைப்பதா, கொடுப்பதா என்ற முடிவைக் கலியாணம் முடிந்து இரண்டு கிழமைக்குள் எடுங்கள். பிறகு பார்ப்போம் என்று அலுமாரிக்குள் வைத்த உடுப்பைக் கொழும்பின் ஈரம் சும்மா விடாது.

1. அன்றிரவே மடித்து வைக்காதீர்கள்

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சாறியை ஒரு கொடியிலோ கதிரையின் முதுகிலோ விரித்துப் போடுங்கள். வெயில் படக்கூடாது, காற்றாடி ஓடட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும். மணவறையில் ஓமப்புகைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறீர்கள், வியர்வை துணிக்குள் நன்றாக இறங்கியிருக்கும். ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணுங்கள். கொய்யகத்துக்குள் மாட்டிய ஊசி ஒன்று தங்கிவிட்டால், கொழும்புக் காற்றில் சில கிழமைகளிலேயே துருப்பிடிக்கும். பட்டில் ஏறிய துருக்கறையை எடுப்பது பெரிய பாடு.

சட்டையைத் தனியாக வையுங்கள். கை இடுக்கில் வியர்வையும் வாசனைத் திரவியமும் சேர்ந்திருக்கும். சாறிக்கு முதல் பழுதாவது பெரும்பாலும் சட்டைதான்.

அலங்காரம் செய்தவரிடம் வாடகைக்கு எடுத்த நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், சடைநாகம் இருந்தால் அன்றிரவே ஒரு தட்டில் அடுக்கிப் படம் எடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கல் இல்லை என்று கதை வந்தால் அந்தப் படம் கைகொடுக்கும். மாப்பிள்ளையின் ஷெர்வானி, தலைப்பாகை வாடகை என்றால் திருப்பிக் கொடுக்கும் திகதியைப் பற்றுச்சீட்டில் பாருங்கள். அடுத்த நாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வீட்டில் ஒருவரை முதலே ஒழுங்கு செய்து வையுங்கள். தாமதித்தால் வைப்புப் பணத்தில் கழிப்பார்கள்.

2. எது யாருடையது என்று பேசிக்கொள்ளுங்கள்

எங்கள் கலியாணங்களில் ஒரே நாளில் மூன்று உடுப்பு மாறுகிறோம். மணவறைக்கு முதல் வரும் சாறி பெண் வீட்டார் எடுத்தது. கூறை மாப்பிள்ளை வீட்டார் தந்தது. வரவேற்புக்குப் போட்டது பெரும்பாலும் நாமே தெரிவு செய்தது. மூன்றையும் ஒரே மாதிரி நினைத்து முடிவெடுத்தால் வீட்டில் மனவருத்தம் வரும்.

நான் லெஹங்காவை விற்கப் போகிறேன் என்று மாமியிடம் சொன்னபோது அவர் சொன்னது இது: “மற்றதெல்லாம் உங்கட விருப்பம் பிள்ளை. கூறையை மட்டும் வெளியில குடுக்க வேண்டாம்.” எங்கள் அம்மம்மா தன்னுடைய கூறையைக் கடைசி வரைக்கும் பெட்டியில் வைத்திருந்தவர். அவர் கண்மூடிய அன்று அதைத்தான் அவர்மேல் போர்த்தினோம். உங்கள் வீட்டில் வழக்கம் வேறாக இருக்கலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாமியிடம் உங்கள் கணவர் கேட்பதைவிட நீங்களே நேரில் கேட்பது நல்லது.

என் அபிப்பிராயம்: கூறையை வையுங்கள். முதற் சாறியை உடுத்து உடுத்துப் பழையதாக்குங்கள், அது அதற்குத்தான். வரவேற்பு உடுப்பை விற்றுவிடுங்கள். உள்ளே மூன்று மடிப்புக் கேன்கேன் (விறைப்பான வலைத்துணி) வைத்த லெஹங்கா வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில் ஒரு ஆள் அளவுக்கு இடம் பிடிக்கும்.

3. கறையைத் தேடுங்கள், தேய்க்காதீர்கள்

பகல் வெளிச்சத்தில், யன்னல் பக்கமாக, சாறியை முழத்துக்கு முழம் பாருங்கள். முந்தானையில் சந்தனம், மடியில் மஞ்சளும் அறுகரிசியும், கால் பக்கத்தில் மண்டபத்துத் தூசியும் நெய்யும், தோளில் மாலையின் சாறு. கறையுள்ள ஒவ்வொரு இடத்திலும் வெள்ளை நூலால் ஒரு தளர்ந்த தையல் போட்டு அடையாளம் வையுங்கள். எது என்ன கறை என்று ஒரு தாளில் எழுதுங்கள். லோண்ட்ரிக்காரருக்கு இந்தத் தாள் மிகவும் உதவும்.

மஞ்சள் கறையில் சோப்புப் போடவே கூடாது. ஆலாத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவந்துவிடும் அல்லவா? காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும். சோப்பும் காரம்தான். நான் என் மடியில் இருந்த சிறிய மஞ்சள் பொட்டில் சவர்க்காரம் தேய்த்தேன். என் கண்ணுக்கு முன்னாலேயே அது செங்கல் நிறமானது. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன், அது பரவி உள்ளங்கை அளவுக்கு ஒரு தண்ணீர்க் கோடாக நின்றது. பட்டு ஈரமானால் அந்தக் கோடு காய்ந்த பிறகும் தெரியும். குளோரின் கலந்த வெளுப்பான்கள் பட்டு நூலையே அரித்துவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வெள்ளைக் கவுன் போட்டவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து. கேக், வைன், சோடா தெறித்த இடம் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது, சுத்தமாக இருப்பதாகவே நினைப்பீர்கள். அந்தச் சீனி சில மாதத்தில் பழுப்பாக மாறி மேலே வரும். கொட்டாஞ்சேனையில் என் மச்சாளின் கவுன் இப்படித்தான் போனது. ஆகவே கறை தெரிகிறதோ இல்லையோ, கவுனைச் சுத்தம் செய்யக் கொடுக்கத்தான் வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் தெறித்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

4. லோண்ட்ரிக்குக் கொடுக்கும்போது

ஒரு கிழமைக்குள் கொடுங்கள், இரண்டு கிழமையைத் தாண்ட வேண்டாம். பழசான கறை இறுகிவிடும்.

கொடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ட்ரை கிளீன் இங்கேயே செய்கிறீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா? சரிகைச் சாறியைத் தனியாகப் போடுவீர்களா? ஒட்டிய கற்களுக்கு உங்கள் திரவம் ஒத்துவருமா? பழுதானால் எவ்வளவு தருவீர்கள்?

மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டுத்தான் என் லெஹங்காவில் கற்கள் உதிர்ந்தன. ஆரி வேலையில் நூலால் தைத்த கல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பசையால் ஒட்டியதென்றால் ட்ரை கிளீன் திரவத்தில் பசை கரையும். சில பிளாஸ்டிக் ஜிகினாக்களும் சுருங்கிவிடும். நகத்தால் ஒரு கல்லை மெதுவாக அசைத்துப் பாருங்கள், பின்பக்கம் நூல் தெரியாவிட்டால் அது ஒட்டியதுதான். அப்படியென்றால் முழுதாக ட்ரை கிளீன் செய்யாமல், கறையுள்ள இடத்தை மட்டும் கையால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நான்காவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சுத்தம் செய்யும் கூலியின் சில மடங்குக்கு மேல் நட்டஈடு இல்லை என்று எழுதியிருப்பார்கள். 90,000 ரூபா சாறிக்கு அதில் என்ன கிடைக்கும்? எனவே கொடுக்கும்போது அவர்கள் முன்னாலேயே விரித்து, கறைகளையும் கரையையும் கைபேசியில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் “ஒரு உருப்படி” என்று மட்டும் எழுத விடாதீர்கள். “பட்டுச் சாறி, அரக்கு நிறம், சரிகைக் கரை, மூன்று கறை” என்று எழுதச் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

செலவு கடைக்குக் கடை வேறு. நான் கூறைக்கு 1,900 ரூபாவும் லெஹங்காவுக்கு 6,500 ரூபாவும் கொடுத்தேன். மச்சாளின் கவுனுக்கு அதைவிடக் கூட. அடுக்கு, கல், நீளவால் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை ஏறும். பட்டுக்குப் பத்து நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கலியாண மாதங்களில் இரண்டு கிழமையும் ஆகும்.

எடுக்கப் போகும்போது கவுண்டரிலேயே விரித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் ஏற்கமாட்டார்கள். அப்புறம், அவர்கள் போட்டுத் தரும் பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறியுங்கள். அது கொண்டுவருவதற்கு மட்டும்தான்.

5. வைத்திருப்பதென்றால்

உலோகச் சரிகையில் பெரும்பாலும் வெள்ளியோ செம்போ இருக்கிறது. இரண்டும் ஈரக் காற்றில் கறுக்கும். கடலோரம் மரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்து வைக்கிறது. என் கூறைக்கு நடந்தது அதுதான்.

வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பழைய வெள்ளை வேட்டி ஒன்று, அல்லது இரண்டு மீற்றர் வெள்ளைப் பருத்தித் துணி. கஞ்சி போடாமல் நன்றாகத் தோய்த்து அலசிக் காயவைத்தது. கஞ்சி இருந்தால் வெள்ளிமீன் பூச்சி வரும். சாறியைச் சரிகை உள்பக்கமாக வரும்படி மடித்து, மடிப்புகளுக்கு நடுவில் ஒரு துண்டுத் துணி வைத்து, வேட்டிக்குள் சுற்றி, துணி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் வளையம் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும்.

பூச்சி உருண்டை துணியில் படவே கூடாது. வைக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு சிறிய துணிப்பையில் கட்டி அலுமாரியின் மூலையில் தொங்கவிடுங்கள். நான் இப்போது வசம்பும் காய்ந்த வேப்பிலையும்தான் அப்படிக் கட்டி வைக்கிறேன், கண் காது தெரியாத அளவுக்கு மணக்காது.

அலுமாரியில் இடம் தெரிவு செய்வதும் முக்கியம். வெளிச் சுவரோடு ஒட்டிய தட்டு, குளியலறைச் சுவருக்குப் பின்பக்கம், கீழ் லாச்சி, இந்த மூன்றும் வேண்டாம். நடுத்தட்டு நல்லது. பூசாத மரப் பலகை என்றால் அதன்மேல் ஒரு துணி விரித்து வையுங்கள், மரத்தின் சாறு துணியில் பழுப்பாக இறங்கும். சாறியை உலோகக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள். பாரமான கரை இழுத்து, கொக்கி பிடித்த இடத்தில் பட்டு கிழியும். கவுனுக்கும் இதுதான், தோளில் தொங்கவிட்டால் தையல் இளகும். ஒரு பெரிய பெட்டியில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றுங்கள். ஒரே கோட்டில் மடித்த பட்டு அந்தக் கோட்டிலேயே அறுந்துவிடும். நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒருமுறை, அப்போதுதான் கொழும்பில் காற்று காய்ந்திருக்கும். சித்திரைப் புதுவருடத்துக்கு ஒருமுறை, அதாவது வைகாசி மழை தொடங்கும் முன். பிறகு ஆடியில். கடைசியாக ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை. மழை பெய்கிற நாளில் பிரிக்க வேண்டாம். பிரித்ததும் நிழலில் ஒரு மணி நேரம் காற்றாடிக்குக் கீழே விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்வேன், சாறியின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

இதைவிட நல்ல வழி வருடத்துக்கு இரண்டு முறை உடுப்பதுதான். கோயில் திருவிழாவுக்கோ சொந்தக்காரர் கலியாணத்துக்கோ உடுங்கள். வாசனைத் திரவியத்தை உடுக்க முன் அடித்துக் காயவிடுங்கள், சரிகைமேல் அடிக்காதீர்கள். அயர்ன் பண்ணும்போது சூட்டைக் குறைத்து, பின்பக்கமாக, மேலே ஒரு துணி போட்டு.

6. விற்பதென்றால்

காலம் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் கலியாணங்கள் இல்லை. ஆவணிக் கலியாணத்துக்குத் தேடுபவர்கள் அதற்கு இரண்டு மூன்று மாதம் முதலே தேடுவார்கள், தைக்குத் தேடுபவர்கள் ஐப்பசி, கார்த்திகையில். நான் என் லெஹங்காவை மார்கழி நடுவில் விளம்பரம் போட்டேன். தைக்கு எல்லாரும் ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தார்கள். பிறகு விலை இறங்கிக்கொண்டே போனது. 85,000 ரூபாவுக்கு எடுத்தது, பதினான்கு மாதம் கழித்து 32,000 ரூபாவுக்குப் போனது. மாதிரி பழசாவதற்கு முன் விற்க வேண்டிய பொருள் இது.

இக்மன் போன்ற தளத்தில் போடலாம், பேஸ்புக்கில் போடலாம். எனக்கு ஆள் கிடைத்தது அலங்காரம் செய்த அக்காவின் வட்ஸ்அப் மூலம். அவர்களிடம் கேட்டு வருகிற பெண்கள் நிறைய.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: கடைப் பில், சுத்தம் செய்த பற்றுச்சீட்டு, பட்டு என்றால் சாறியோடு வந்த சில்க் மார்க் அட்டை (அசல் பட்டு என்பதற்கான சான்று), பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள். நெஞ்சு, இடை, நீளம் மூன்றையும் அங்குலத்தில் எழுதுங்கள். தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இரண்டு அங்குலம் விரிக்கலாம் என்றால் வாங்குகிறவர் கூடுவார்கள். குறை இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். மணப்பெண்ணாக நீங்கள் நிற்கும் படத்தைப் போட வேண்டாம், அது எங்கெங்கோ போகும்.

பணத்தில் கவனம். வங்கிச் சிட்டையின் படத்தை அனுப்பிவிட்டு உடுப்பைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வங்கிச் செயலியில் காசு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையில் கொடுக்க வேண்டும். “காசு அனுப்ப இந்த லிங்கை அழுத்துங்கள், கார்ட் இலக்கத்தைப் போடுங்கள்” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். காசு வாங்குவதற்கு ஓடிபி இலக்கம் தேவையே இல்லை. போட்டுப் பார்க்க வருபவர்களை வீட்டில் பெண்கள் இருக்கும் நேரத்தில் வரச்சொல்லுங்கள், அல்லது உங்கள் ரெய்லர் கடையில் சந்தியுங்கள்.

வாடகைக்கு விடலாமே என்று பலர் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யும் செலவைக் கழித்தால் மிச்சம் குறைவு. விடுவதென்றால் வைப்புப் பணம், அடையாள அட்டைப் பிரதி, திருப்பித் தரும் திகதி எழுதிய ஒரு தாள், மூன்றும் இல்லாமல் விடாதீர்கள்.

7. வெட்டித் தைப்பதென்றால்

முதற் சாறியில் ஐந்தரை மீற்றர் துணி இருக்கிறது. ஒரு சிறுமிக்குப் பாவாடை சட்டை தைத்து, மிச்சத்தில் குஷன் உறையும் தைக்கலாம். கவுனின் சற்றின் துணியில் பிள்ளைக்கு ஞானஸ்நான உடுப்பு தைப்பது கொட்டாஞ்சேனைப் பக்கம் பார்த்திருக்கிறேன், மிகவும் அழகாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: வெட்டும் முன் மடிப்புக் கோட்டில் துணியை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சரசரவென்று பிரிந்தால் அந்தப் பகுதியைத் தைக்க முடியாது. ரெய்லரிடம் முதலில் சாதாரணத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டில் ஊசி போன துளை மறையாது.

8. கொடுப்பதும் அனுப்புவதும்

அம்மனுக்குச் சாத்தக் கொடுக்கலாம் என்று சிலர் எண்ணுவார்கள். கோயிலுக்குச் சாத்துவது உடுக்காத புதுச் சாறி. உடுத்ததைக் கொண்டுபோய் குருக்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். உடுத்த சாறியைக் கலியாணச் செலவுக்குத் திண்டாடும் ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள். சுத்தம் செய்து, சட்டையைப் பிரித்துத் தைக்க இடம் விட்டு, பாவாடையும் சேர்த்துக் கொடுங்கள். சாறி மட்டும் கொடுத்தால் சட்டைக்கும் பாவாடைக்கும் அந்தப் பிள்ளை திரும்பக் காசு தேட வேண்டும்.

கலியாணம் முடிந்து இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போகிறவர்கள் பிறகு பார்சலில் அனுப்பச் சொல்கிறார்கள். அன்பளிப்பு என்று எழுதினாலும் பிரித்தானியாவுக்கு 39 பவுண், கனடாவுக்கு 60 கனேடிய டொலர் பெறுமதி வரைக்கும்தான் வரி விலக்கு. ஒரு கூறை அதைத் தாண்டிவிடும். பெறுமதியைக் குறைத்து எழுதினால், தொலைந்தால் அந்தக் குறைந்த பணம்தான் திரும்பக் கிடைக்கும். பயணத்தில் கொண்டுபோவதே சரி. செக்-இன் பெட்டிக்குள் போடாதீர்கள், பெட்டி பிந்தி வந்தாலும் வராமலே போனாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வேட்டித் துணியில் சுற்றிய கூறை ஏறக்குறைய ஒரு கிலோதான், கைப்பையின் அடியில் தட்டையாக வைத்தால் மேலே மற்றச் சாமான்களுக்கும் இடமிருக்கும். போய்ச் சேர்ந்த அன்றே துணியைத் தளர்த்தி ஒரு இரவு காற்றாட விடுங்கள்.